வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: காந்தியடிகள் மறைந்தபோது நாடு என்ன செய்தது?

காந்தியடிகளின் கடைசி நாளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொலையைவிட, அதற்குப் பிறகு மக்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியே கேட்கின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த வாரப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: "காந்தி செத்த அன்று ராத்திரி நம் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை" என்று என் பாட்டி சொல்வார். டெல்லியில் மாலையில் நடந்தது எங்கள் ஊருக்கு அன்று இரவுக்குள் எப்படித் தெரிந்திருக்கும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி.

பதில்: பாட்டியின் நினைவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அது அன்றைய இரவா, மறுநாள் இரவா என்பதில் வேண்டுமானால் சிறு குழப்பம் இருக்கலாம்.

1948 ஜனவரி 30 வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணியளவில் புது டெல்லி பிர்லா மாளிகையின் புல்தரையில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. வல்லபாய் படேலுடன் பேச்சு நீண்டுவிட்டதால், நேரம் தவறாத அந்த மனிதர் அன்று பிரார்த்தனைக்குச் சுமார் பத்து நிமிடம் தாமதமாக, மனு, ஆபா என்ற இரண்டு பெண்களின் தோள்களைப் பற்றிக்கொண்டு விரைந்து வந்துகொண்டிருந்தார். கும்பிடுவதுபோல் குனிந்து, மனுவைத் தள்ளிவிட்டு நாதுராம் கோட்சே சுட்டார். ஆறு மணிக்கு அகில இந்திய வானொலி மரணத்தை அறிவித்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அன்று சிலர்தாம் என்றாலும், நகராட்சிப் பூங்காக்களிலும் சில காபி கிளப்புகளிலும் பெட்டிகள் இருந்தன. ரயில் நிலையங்களிலும் அஞ்சலகங்களிலும் தந்தி இருந்தது. தந்தியோ வானொலியோ இருந்த ஊர்களுக்கு இரவு உணவு வேளைக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளடங்கிய கிராமங்களுக்கு மறுநாள் பத்திரிகையோடும் பயணிகளோடும் வந்தது.

அடுப்பு எரியாததற்குப் பசியின்மை மட்டும் காரணமாக இருந்திருக்காது. துட்டி விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை என்பது நம் வழக்கம். பல ஊர்களில் ஆண்கள் மொட்டை அடித்துக்கொண்டு ஆற்றில் முழுகி, பெற்ற தகப்பனுக்குச் செய்வதைப்போல் கருமாதி செய்ததாகவும் பெரியவர்கள் சொல்வதுண்டு. யாரும் உத்தரவிட்டு நடந்த காரியங்கள் அல்ல இவை. அரசாங்கம் துக்கம் அறிவித்தது உண்மையே. ஆனால் சவரக் கத்தி எடுத்தவரும் தலையைக் கொடுத்தவரும் அரசிதழைப் பார்த்துவிட்டு அதைச் செய்திருக்க முடியாது.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி இதோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. காந்தியடிகள் தம் பிறந்தநாளுக்காக அவர் குரலில் ஒரு மீரா பஜனைக் கேட்க விரும்பியதால், 1947 அக்டோபரில் அது சென்னையில் அவசரமாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு டெல்லிக்கு அனுப்பப்பட்டது. மரணச் செய்தியைத் தொடர்ந்து வானொலி ஒலிபரப்பியது அந்தப் பதிவைத்தான். தம் வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த எம்.எஸ்., செய்தியையும் அடுத்துத் தம் குரலையும் கேட்டு மயங்கி விழுந்தார்.

கேள்வி: கொன்றவர் இந்து என்பதை வானொலி ஏன் அவ்வளவு குறிப்பாகச் சொன்னது? ஒரு தலைவர் கொல்லப்பட்ட நேரத்தில் கொலையாளியின் மதத்தைச் சொல்வது பொறுப்பற்ற செயல் அல்லவா? – கல்லூரி மாணவி, மேலப்பாளையம்.

பதில்: சாதாரணக் காலத்தில் நீங்கள் சொல்வது சரி. அன்றைய டெல்லியில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் பொறுப்பற்ற செயலாகியிருக்கும்.

அந்த ஊர் எப்படி இருந்தது என்று பாருங்கள். மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடிழந்து, உறவிழந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் தெருவெங்கும் இருந்தார்கள். 1947 செப்டம்பர் கலவரத்தில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதியிலும் முகாம்களில் அடைந்துகிடந்தார்கள். இந்த நிலையில்தான் ஜனவரி 13 அன்று காந்தியடிகள் தம் கடைசி உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். மாளிகையின் வாசலில் ஒரு கூட்டம் "காந்தி சாகட்டும்" என்று முழக்கமிட்டதும், காரிலிருந்து குதித்து இறங்கிய நேரு அவர்கள்மீது சீறியதும் அந்த நாட்களில்தான். எல்லாத் தரப்புத் தலைவர்களும் அமைதிக்கு உறுதியளித்த பின், 18-ஆம் தேதி உண்ணாவிரதம் முடிந்தது. மெஹ்ரோலியில் உள்ள குத்புதீன் தர்காவின் உர்ஸ் விழா வழக்கம்போல் நடக்க வேண்டும் என்பது அந்த உறுதிமொழிகளுள் ஒன்று. 27-ஆம் தேதி அவரே அங்கே போய்வந்தார். மூன்று நாள் கழித்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

செய்தி பரவிய முதல் சில நிமிடங்களில், இந்துக்களும் முஸ்லிம்களும் கேட்ட கேள்வி ஒன்றே: சுட்டவன் எந்த மதம்? பிர்லா மாளிகைக்கு மவுண்ட்பேட்டன் வந்து இறங்கியபோது கூட்டத்தில் ஒருவர், "முஸ்லிம்தான் கொன்றான்" என்று கத்தினார். "முட்டாளே, அவன் இந்து என்பது உனக்குத் தெரியாதா?" என்று மவுண்ட்பேட்டன் திருப்பிக் கத்தினார். அந்த நொடியில் அவருக்கே அது உறுதியாகத் தெரியாது என்று உடனிருந்தவர்கள் பின்னர் எழுதியிருக்கிறார்கள். முஸ்லிமாக இருந்துவிட்டால் அடுத்து நடக்கப்போவதை யாராலும் தடுக்க முடியாது, ஆகவே இந்து என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதே அவர் கணக்கு.

வானொலி நிலையத்தார் இன்னும் நிதானமாக நடந்துகொண்டார்கள். வதந்தி ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தபோதும், விவரம் உறுதியாகும்வரை காத்திருந்து, ஆறு மணி அறிவிப்பிலேயே கொலையாளி இந்து என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் அதைக் கேட்ட பிறகே மூச்சு விட்டன. அன்றிரவு நேரு பேசிய புகழ்பெற்ற வானொலி உரையில் மதம் வரவில்லை. "நம் வாழ்விலிருந்து ஒளி மறைந்துவிட்டது" என்று தொடங்கிய அவர், ஒரு பித்தன் செய்த செயல் என்று மட்டும் கொலையைக் குறிப்பிட்டு, மக்களை அமைதி காக்கச் சொன்னார். அறிவிப்பாளர் தம் கடமையை முன்பே முடித்துவிட்டதால்தான் பிரதமரால் அப்படிப் பேச முடிந்தது என்பது என் எண்ணம்.

கேள்வி: கோட்சே தம் கையில் 'இஸ்மாயில்' என்று பச்சை குத்தியிருந்தார் என்று மேடைகளில் சொல்கிறார்களே? – சிவகாசி வாசகர்.

பதில்: வழக்கில் அதற்கு ஆதாரம் இல்லை. கோட்சே தாம் இந்து என்பதை எந்தக் கட்டத்திலும் மறைக்கவில்லை. தப்பி ஓடவும் இல்லை. நீதிமன்றத்தில் அவர் படித்த நீண்ட வாக்குமூலமே அதை மார்தட்டிச் சொல்கிறது. அவரைக் குறை சொல்ல, இல்லாத பச்சை தேவையில்லை.

கேள்வி: "ஹே ராம்" என்றாரா, இல்லையா? – கோயம்புத்தூர் வாசகி.

பதில்: அவரை அணைத்தபடி வந்த மனு, அந்தச் சொற்களைத் தாம் கேட்டதாக எழுதியிருக்கிறார். சில அடி பின்னால் வந்துகொண்டிருந்த செயலாளர் வி. கல்யாணம், தம் காதில் அப்படி எதுவும் விழவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 2021-இல் சென்னையில் காலமாகும்வரை அந்த மாலையைப் பற்றிப் பேசிவந்தார். கோட்சேயோ வெறும் முனகல்தான் கேட்டது என்றார்.

துப்பாக்கி வெடித்த சத்தத்தில், நெரிசலில், தோளில் சாய்ந்திருந்த பெண்ணுக்குக் கேட்டது பின்னால் வந்தவருக்குக் கேட்காமல் போயிருக்கலாம். கல்யாணமும் 'சொல்லவில்லை' என்று தாம் கூறவில்லை, 'நான் கேட்கவில்லை' என்றே கூறினேன் என்று பின்பு விளக்கினார். அதற்கு மேல் இதில் அடம்பிடிக்க ஒன்றுமில்லை. ராமநாமத்தோடு சாக வேண்டும் என்று கடைசி மாதங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார் என்பதால், மக்கள் அந்தச் சொற்களைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ராஜ்காட்டில் கல்லிலும் பொறித்தாயிற்று.

கேள்வி: பாகிஸ்தானுக்கு 55 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னதால்தான் கொன்றார்கள் என்று எங்கள் வாட்ஸாப் குழுவில் தினமும் ஒருவர் எழுதுகிறார். என்ன பதில் சொல்வது? – ஈரோடு வாசகர்.

பதில்: மூன்று தேதிகளைச் சொல்லுங்கள், போதும். பிரிவினைக்கு முந்தைய அரசின் கையிருப்பில் பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய 75 கோடியில் 20 கோடி கொடுக்கப்பட்டு, மீதி 55 கோடி காஷ்மீர்ச் சண்டை காரணமாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுப்பது என்று அமைச்சரவை முடிவெடுத்தது 1948 ஜனவரி 15 அன்று. சதியில் பங்கேற்றுப் பின் அப்ரூவராக மாறிய திகம்பர் பட்கேயின் சாட்சியத்தின்படி, வெடிபொருளுக்கான பேரம் ஜனவரி 9, 10 தேதிகளிலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் வெகு முன்பாக, 1934 ஜூன் 25 அன்று, தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் புனேக்கு வந்த காந்தியைக் குறிவைத்துக் குண்டு வீசப்பட்டது. அப்போது பாகிஸ்தான் என்ற நாடே இல்லை. உண்ணாவிரதத்தை முடிக்க வைத்த நிபந்தனைகளும் டெல்லியின் அமைதியைப் பற்றியவை. அவற்றில் இந்தப் பணம் இடம்பெறவில்லை.

கேள்வி: பத்து நாள் முன்பே குண்டு வெடித்து, ஒருவர் பிடிபட்டும் இருக்கிறார். பிறகும் எப்படிக் கோட்டைவிட்டார்கள்? – ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர், சேலம்.

பதில்: உங்கள் துறையில் இருந்தவர் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். ஜனவரி 20 அன்று பிரார்த்தனைக் கூட்டத்தின் பின்சுவருக்கு அருகே வெடி வைத்துப் பிடிபட்டவர் மதன்லால் பஹ்வா என்ற பஞ்சாப் அகதி. கூட்டாளிகள் தப்பிவிட்டார்கள். ஆனால், மராட்டியப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் தம்முடன் வந்திருந்தார் என்பதை மதன்லால் விசாரணையில் சொல்லிவிட்டார். அந்தப் பத்திரிகை புனேயிலிருந்து வந்துகொண்டிருந்தது; அதன் ஆசிரியர் யார் என்பது புனே காவல்துறைக்கு நன்றாகத் தெரியும். டெல்லியிலிருந்து புனேக்கு ஒரு கேள்வி போயிருந்தால் கோட்சேயின் பெயரும் அடையாளமும் கிடைத்திருக்கும்.

டெல்லி அதிகாரிகள் இருவர் பம்பாய்க்குப் போனார்கள். உருப்படியாக ஒன்றும் நடக்காமல் திரும்பினார்கள். பம்பாயில் பேராசிரியர் ஜெகதீஷ் சந்திர ஜெயின், மதன்லால் தம்மிடம் முன்பே சதியைப் பற்றிப் பேசியதை மாகாண உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் மறுநாளே தெரிவித்தார்; மொரார்ஜி அதைக் காவல் அதிகாரி நகர்வாலாவிடமும் படேலிடமும் சொன்னார். நகர்வாலாவோ, காந்தியைக் கடத்திக்கொண்டு போகத் திட்டம் நடக்கிறது என்று நம்பி அந்த வழியிலேயே தேடினார். இதற்கிடையில் கோட்சேயும் அவருடைய கூட்டாளி நாராயண் ஆப்தேயும் விமானத்தில் டெல்லிக்கு வந்து, குவாலியர் போய்ப் பெரெட்டா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கொலைக்கு முந்தைய இரவைக் கோட்சே கழித்த இடம் டெல்லி ரயில் நிலையத்தின் ஓய்வறை.

காந்தியடிகளும் காவலர்களுக்கு உதவவில்லை. பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனையிட அவர் சம்மதிக்கவே இல்லை. சோதனையிட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்பதையே அரசு பின்னர் தன் சமாதானமாகச் சொன்னது. இது பாதி உண்மைதான். பிர்லா மாளிகையின் வாசலில் தவறவிட்டது ஒரு துப்பாக்கியை. பம்பாய்க்கும் டெல்லிக்கும் புனேக்கும் இடையில் தவறவிட்டது ஒரு முழு வழக்கை. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றோர் படேலை வெளிப்படையாகக் குறை கூறினார்கள். படேல் மனமுடைந்து பதவி விலகவும் முன்வந்தார். அவருக்கும் நேருவுக்கும் இடையிலான பிணக்கைப் பற்றியதே காந்தியுடனான அந்தக் கடைசிப் பேச்சு. மரணம் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்தது.

கேள்வி: புனேயில் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். 1948-இல் தங்கள் வீட்டை எரித்ததைப் பற்றி அங்குள்ள முதியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நம் பாடநூல்களில் இது ஏன் இல்லை? – சென்னை வாசகர்.

பதில்: கொலையாளி இந்து என்று தெரிந்ததும் மதக் கலவரம் தவிர்க்கப்பட்டது என்று மேலே எழுதினேன். 'எந்த மதம்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன், மராட்டியத்தில் 'எந்தச் சாதி?' என்ற அடுத்த கேள்வி எழுந்தது. கோட்சே சித்பாவன் பிராமணர். பம்பாய், புனே, நாக்பூர் நகரங்களிலும், சதாரா, சாங்லி, கோலாப்பூர்ப் பகுதிகளின் சிற்றூர்களிலும் பிராமணர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன, உயிர்களும் போயின. கோலாப்பூரில் ஒரு திரைப்பட நிலையமே தீக்கிரையானது. பம்பாயில், இந்து மகாசபையின் தலைவராக இருந்த சாவர்க்கரின் வீட்டைக் கூட்டம் தாக்கியது. அவருடைய தம்பி நாராயண் சாவர்க்கர் கல்லடியில் படுகாயமுற்று, அதிலிருந்து மீளாமலே 1949-இல் இறந்தார். கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு நகரங்களுக்குப் போயின. திரும்பாதவர்கள் பலர்.

இதைத் துக்கத்தின் வெறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நிலமும் கடன் பத்திரமும் கணக்குப்பிள்ளை வேலையும் யார் கையில் இருந்தன என்ற பழைய பகையும், பிராமணரல்லாதார் இயக்கத்தின் நீண்ட கோபமும் அந்தப் பகுதிகளில் முன்பே புகைந்துகொண்டிருந்தன. தீ வைத்தவர்களில் எத்தனை பேர் காந்தியைப் பின்பற்றியவர்கள் என்று கேட்டால் விடை சங்கடமாகத்தான் இருக்கும். காந்தியடிகள் தம் அரசியல் குருவாக மதித்த கோகலேயும், காந்தியின் முதன்மைச் சீடராகப் போற்றப்பட்ட வினோபா பாவேயும் அதே சித்பாவன் சாதியில் பிறந்தவர்கள்தாம். மராட்டிய எழுத்தாளரும் விடுதலைப் போராட்ட வீரருமான சானே குருஜி, நடந்த கொலைக்குப் பரிகாரமாக 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

பாடநூல்களில் இல்லாததற்குக் காரணம், யாருக்கும் இது வசதியான கதையாக இல்லை என்பதே. நாடு ஒரே குரலில் அழுதது என்று சொல்ல விரும்பிய ஆட்சியாளர்களுக்கு இது இடைஞ்சல். கோட்சேயின்மீது அனுதாபம் கொண்டவர்களோ, கொலையின் கனத்தைக் குறைக்க மட்டுமே இதைக் கையிலெடுக்கிறார்கள். இருவரையும் ஒதுக்கிவிட்டு, நடந்ததை நடந்ததாக எழுதினால் கொலையும் சிறிதாகிவிடாது, கொளுத்தப்பட்ட வீடுகளும் மறைந்துவிடாது.

கேள்வி: சிலர் இனிப்பு வழங்கினார்கள் என்பது உண்மையா, கட்சிக்காரர்கள் கட்டிய கதையா? – விழுப்புரம் வாசகர்.

பதில்: அன்றைய உள்துறை அமைச்சரே எழுதியது அது. 1948 செப்டம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் கோல்வால்கருக்கு எழுதிய கடிதத்தில், காந்தியின் மரணத்துக்குப் பின் அந்த அமைப்பினர் மகிழ்ச்சி தெரிவித்து இனிப்பு வழங்கியதால் எதிர்ப்பு இன்னும் கடுமையாயிற்று என்று படேல் குறிப்பிட்டிருக்கிறார். அதே படேல், பிப்ரவரி இறுதியில் நேருவுக்கு எழுதியபோது, சதியைச் செய்தது இந்து மகாசபையின் வெறிகொண்ட ஒரு பிரிவு என்றும், ஆர்.எஸ்.எஸ். அதில் ஈடுபடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்று ஒவ்வொரு தரப்பும் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. 1948 பிப்ரவரி 4 அன்று ஆர்.எஸ்.எஸ்.மீது விதிக்கப்பட்ட தடை 1949 ஜூலையில் நீக்கப்பட்டது.

கேள்வி: அகிம்சையைப் போதித்தவரின் உடலை ராணுவ வண்டியில் ஏற்றி, போர்ப்படையினர் சூழக் கொண்டுபோனது முரணாக இல்லையா? – காரைக்குடி வாசகி.

பதில்: முரண்தான். அன்றே பலருக்கு உறுத்தியது. இறுதி ஊர்வல ஏற்பாட்டைப் படைத்தளபதி ராய் பூச்சரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஆங்கிலேயர் என்பது இன்னொரு வேடிக்கை. உடலைப் பதப்படுத்திச் சில நாள் மக்கள் பார்வைக்கு வைக்கலாம் என்ற யோசனையைச் செயலாளர் பியாரேலால் ஏற்கவில்லை. தம் உடலை அப்படி வைக்கக் கூடாது என்று காந்தியடிகள் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆகவே மறுநாளே தகனம் என்று முடிவாயிற்று. ஓர் இரவுக்குள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் திரளப்போகும் ஊர்வலத்தைக் கட்டி நடத்த அன்றைய டெல்லியில் படையைத் தவிர வேறு அமைப்பு இல்லை.

ஆனாலும் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். ஆயுதம் ஏற்றும் வண்டியின் எஞ்சினை இயக்காமல், முப்படைகளையும் சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கயிறு கட்டி அதை இழுத்தார்கள். பிர்லா மாளிகையிலிருந்து யமுனைக் கரைவரை எட்டுக் கிலோமீட்டர். போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. மேலிருந்து விமானங்கள் ரோஜா இதழ்களைத் தூவின. மகன் ராம்தாஸ் கொள்ளி வைத்ததும் கூட்டம் சிதையை நோக்கி முண்டியது. நெரிசலில் முன்வரிசைப் பிரமுகர்கள் நெருப்பில் தள்ளப்பட்டுவிடாதபடி, மவுண்ட்பேட்டன் அவர்களையெல்லாம் தரையில் உட்காரச் சொன்னார், தாமும் உட்கார்ந்தார்.

படை வந்தது அவசியத்தினால் என்பதை ஏற்கிறேன். அதோடு, பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் அரசு, தன் படையும் மக்களும் ஒரே வீதியில் ஒன்றாக நடப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. அதன் பயனையும் அது அறிந்திருந்தது. அஸ்தி விஷயத்தில்தான் காந்தியின் மனத்தை நெருங்கினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: பிப்ரவரி 11 அன்று டெல்லியிலிருந்து அலகாபாத்துக்குப் புறப்பட்ட சிறப்பு ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் மட்டுமே இருந்தன. மறுநாள் திரிவேணி சங்கமத்தில் அஸ்தி கரைக்கப்பட்டது. நாடெங்கும் பிரித்து அனுப்பிய கலசங்களில் ஒன்று கட்டாக்கில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1997 ஜனவரி 30 அன்றுதான் அதே சங்கமத்தில் கரைக்கப்பட்டது.

கேள்வி: ரத்தக் கறை படிந்த ஆடை எங்கள் மதுரைக்கு எப்படி வந்தது? அன்றைய தமிழ்நாட்டுத் தலைவர்கள் என்ன சொன்னார்கள்? – மதுரை வாசகர்கள் மூவர்.

பதில்: 1921 செப்டம்பரில் அவர் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது உங்கள் ஊரில். அந்தத் தொடர்புள்ள ஊரில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகும்போது, அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வரும் பிள்ளைகள் அந்த அறையில் மட்டும் ஆசிரியரிடம் கேள்வி கேட்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரியில் கடலில் கரைப்பதற்கு முன் அஸ்திக் கலசத்தை வைத்திருந்த இடத்தில்தான் 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2 அன்று கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

தலைவர்களில் பெரியார் சொன்னதுதான் இன்றும் பலரை வியக்கவைக்கிறது. காந்தியை இருபதாண்டுகளுக்கு மேல் கடுமையாக விமர்சித்துவந்த அவர், இந்நாட்டுக்குக் 'காந்தி தேசம்' என்று பெயரிட வேண்டும், மதத்துக்கும் ஆண்டுக் கணக்குக்கும்கூட அவர் பெயரை வைக்கலாம் என்று எழுதினார். கோட்சே என்ற தனிமனிதரைவிட அவரை உருவாக்கிய வருணாசிரமக் கருத்தே குற்றவாளி என்பது அவர் வாதம். பிராமணர் எதிர்ப்பு இயக்கம் மராட்டியத்தைப்போலவே வலுவாக இருந்த சென்னை மாகாணத்தில், அங்கு நடந்ததைப் போன்ற பெருங்கலவரம் நிகழவில்லை. குற்றத்தை ஆள்மீது சுமத்தாமல் கருத்தின்மீது சுமத்திய அந்தப் பேச்சுக்கு இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கொலையாளி உள்ளூர்க்காரர் அல்லர் என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: "இப்படி ஒருவர் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தார் என்பதை வருங்காலம் நம்பாது" என்று ஐன்ஸ்டைன் இரங்கல் தெரிவித்தது எந்தத் தேதியில்? – திருவாரூர் வாசகர்.

பதில்: அது இரங்கலே அல்ல. காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி, அவர் உயிரோடு இருந்தபோதே எழுதியது. மரணத்தின்போது வந்தவற்றில் பெர்னார்ட் ஷாவினுடையதுதான் நறுக்கென்று இருந்தது: அளவுக்கு மீறி நல்லவராக இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டுகிறது என்றார். இந்து சமூகம் ஈன்ற மாபெரும் மனிதர்களுள் ஒருவர் என்று ஜின்னா எழுதியது, தம் இரங்கலிலும் அவர் எல்லைக் கோட்டை மறக்கவில்லை என்பதைக் காட்டியது.

கேள்வி: தந்தையைக் கொன்றவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று காந்தியின் மகன்களே கேட்டார்களாமே? அரசு ஏன் கேட்கவில்லை? – வழக்கறிஞர், நாகர்கோவில்.

பதில்: டெல்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணையின் முடிவில் 1949 பிப்ரவரி 10 அன்று நீதிபதி ஆத்மாசரண், கோட்சேக்கும் நாராயண் ஆப்தேக்கும் மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தார், அதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த சாவர்க்கரை விடுவித்தார். சிம்லாவில் இருந்த உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் ஐவரில் இருவரை விடுவித்து, தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. அந்தக் கட்டத்தில் மணிலாலும் ராம்தாஸும், மரண தண்டனையையே ஏற்காத தங்கள் தந்தையின் பெயரால் இருவரைக் கொல்லலாகாது என்று வேண்டினார்கள்.

அப்போதைய கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. காந்தியின் மகன் தேவதாஸ் மணந்தது ராஜாஜியின் மகள் லட்சுமியை. ஆக, கருணை மனு போய்ச் சேர்ந்தது கொல்லப்பட்டவரின் சம்பந்தியிடம். நேருவும் படேலும் தண்டனையைக் குறைக்க இசையவில்லை, ராஜாஜியும் குறைக்கவில்லை. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். உடல்களை உறவினரிடம் கொடுத்தால் அந்த இடம் வழிபாட்டுக்குரியதாகிவிடும் என்று அஞ்சிய அரசு, சிறை வளாகத்திலேயே எரித்துவிட்டது.

அரசின் அச்சத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1964-இல் ஆயுள் கைதிகள் விடுதலையானபோது புனேயில் அவர்களுக்கு வரவேற்பு விழாவே எடுத்தார்கள். சதியைத் தாம் முன்கூட்டியே அறிந்திருந்ததாகத் திலகரின் பேரர் ஜி.வி. கேத்கர் அந்த மேடையில் சொல்லப்போய், அது நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பி, 1966-இல் சதியை விசாரிக்கக் கபூர் ஆணையம் அமைக்கப்படுவதில் முடிந்தது. ஆயினும் மகன்கள் கேட்டதுதான் சரி என்பது என் கருத்து. தூக்கு, ஒருவரைத் தியாகியாக நினைக்க விரும்புகிறவர்களுக்குப் பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிட்டது. ராம்தாஸ் வேண்டுகோளோடு நிற்கவில்லை. சிறையிலிருந்த கோட்சேக்குக் கடிதம் எழுதி, அவர் செய்தது தவறு என்று உணர்த்த முயன்றார். கோட்சே பதில் எழுதினார், மனம் மாறவில்லை. நேரில் போய்ப் பேசுகிறேன் என்று ராம்தாஸ் அனுமதி கேட்டார். அந்தச் சந்திப்பு நடக்கவில்லை.